பேர் வெட்டு, சேவை முறிவு, வலசைப் பறவை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து நிறை போதாத நாளில் “இன்னிக்கு அரைப் பேருதான் போட்டாங்க” என்பார்கள். வேலை போனால் “பேர வெட்டிட்டாங்க”. செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், ஒருவருடைய பெயருக்கு நேரே விழும் குறிதான் கூலி என்பதால் பெயரும் கூலியும் ஒன்றாகிவிட்டன. மலையகத்தில் இதை யாரும் உருவகம் என்று நினைப்பதில்லை. சாதாரணப் பேச்சு.

இந்தச் சொல் தொழில் நியாய சபைக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சட்டத்தில் ‘பேர்’ கிடையாது. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தில் இருப்பவை நாளும் வீதமும். ஆனால் “பேர வெட்டிட்டாங்க” என்ற ஒரே வாக்கியம் மூன்று வேறு சம்பவங்களைக் குறிக்கலாம். அன்றைய கூலி போடப்படவில்லை, சில நாள் வேலை நிறுத்தி வைத்தார்கள், அடியோடு விலக்கிவிட்டார்கள். முதலாவது சம்பளப் பாக்கி, தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டிய முறைப்பாடு. மூன்றாவது 1950 இன் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குரியது. வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எந்த வெட்டு என்று முதல் நாளே கேட்காமல் விண்ணப்பம் எழுதினால், இரண்டாவதை மூன்றாவதாக நினைத்து ஓடுவதும் நடக்கும், மூன்றாவதை முதலாவதாக நினைத்து 6 மாதத்தைத் தின்றுவிடுவதும் நடக்கும். கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள்தான்: எந்தத் திகதி, பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில்) சொன்னது யார், கடிதம் கொடுத்தார்களா, மறுநாள் பிரட்டுக்குப் போனீர்களா, போனபோது என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

தொழிலாளி உருவகத்தில் பேசுகிறார், சட்டம் நேராகப் பேசுகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது தவறு. சட்டமும் உருவகத்தில்தான் பேசுகிறது. பேசிப் பேசித் தேய்ந்துவிட்டதால் தெரிவதில்லை. சன்னலுக்கும் படத்துக்கும் அடிக்கிற மரச்சட்டமும் ‘சட்டம்’தானே. சுமை, முறிவு, திரை, வேர், கைமாற்றம் என்று நீதிமன்றத்தில் புழங்குகிற பாதிச் சொற்கள் எங்கிருந்தோ கடன் வாங்கியவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தலையில் ஒரு வேலையை ஏற்றுகிறது. யார் தலையில் ஏற்றுகிறது என்பதே இந்தப் பதிவின் கேள்வி.

‘எண்பிக்கும் சுமை’யை, அதாவது நிரூபிக்கும் பொறுப்பை, எடுத்துக்கொள்வோம். 1895 இன் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 101 ஆம் பிரிவு சொல்வது எளிது: ஒரு விடயம் உண்மை என்று காட்டித் தீர்ப்புக் கேட்கிறவர் அதை எண்பிக்க வேண்டும். ‘சுமை’ என்றதும் நமக்குக் கூடைதான் நினைவுக்கு வரும். ஒருவர் தலையிலிருந்து இறங்கினால்தான் இன்னொருவர் தலைக்கு ஏறும். இந்தப் படம் பாதிதான் சரி. உண்மையில் சுமை இரண்டு. வழக்கின் முடிவில் நீதிபதியை நம்பவைக்கும் சுமை தொடக்கத்தில் யாரிடம் இருந்ததோ அவரிடமே கடைசி வரை இருக்கும். இந்தக் கட்டத்தில் யார் சாட்சியம் கொண்டுவர வேண்டும் என்கிற சுமைதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறும். ஒரே கூடை என்று நினைப்பவர், எதிர்த்தரப்பு ஒரு சாட்சியை ஏற்றியதும் தன் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்.

தொழில் நியாய சபை சான்றுக் கட்டளைச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனாலும் யார் முதலில் சாட்சியம் அளிப்பது என்பது இந்தச் சுமையை வைத்தே தீர்மானமாகிறது. “ஆமாம், நாங்கள்தான் நிறுத்தினோம்” என்று நிருவாகம் ஒப்புக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று அதுவே முதலில் காட்ட வேண்டும். “நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வரவில்லை” என்றால், நிறுத்தப்பட்டதைத் தொழிலாளி முதலில் காட்டியாக வேண்டும். “கம்பெனிதான் நிரூபிக்கணும்” என்று யாரோ சொன்னதை நம்பி வெறுங்கையோடு வருகிறவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். கடைசிச் சம்பளச் சீட்டு, தொழிற்சங்கத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் திகதியிட்ட பிரதி, பிரட்டுக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்த ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

அந்த “அவரே வரவில்லை” என்பதும் ஓர் உருவகத்தின் மேல்தான் நிற்கிறது. பதவியை வெறுமையாக்கிவிட்டுப் போனார் என்பார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது, ஆகவே ஆள் போய்விட்டார் என்று படம் சொல்கிறது. இலங்கைத் தீர்ப்புகள் சொல்வதோ வேறு. வராமல் இருந்தது ஒன்று, இனி வருவதில்லை என்ற எண்ணம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் தன் வேலையைத் தானே கைவிட்டவர். காலி நாற்காலி முதலாவதை மட்டுமே காட்டும். எனவே வேலைக்குத் திரும்ப விரும்புவதாக அந்த நாட்களிலேயே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தால், நாற்காலி எத்தனை நாள் காலியாக இருந்தாலும் அந்த வாதம் நொண்டும். தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

சில உருவகங்கள் ஒரு சொல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். வேலை முடியும்போது தரும் ‘பணிக்கொடை’ அப்படியொன்று. கொடை என்றால் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. ஆங்கிலத்தில் ‘கிராஜுட்டி’ என்பதற்கும் இலவசமாக, நன்றிக்காகத் தருவது என்ற பின்புலமே உண்டு. 1983 இன் 12 ஆம் இலக்கச் சட்டத்தில் அந்த இரக்கம் ஒரு வரியிலும் இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வேலை எந்த வகையில் முடிந்தாலும், 30 நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். நாட்கூலிக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் கூலி, அதுவும் கடைசியாகப் பெற்ற வீதத்தில். கணக்குக்காக நாட்கூலி 1000 ரூபா, சேவை 22 வருடம் என்று வைத்தால் 14 × 1000 × 22 = 308,000 ரூபா. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம், உடைமைக்கு ஏற்படுத்திய இழப்பு ஆகிய காரணங்களுக்காக வேலை நீக்கப்பட்டவரிடம் மட்டுமே, ஏற்பட்ட இழப்பின் அளவுக்குக் கழிக்கலாம் என்கிறது 13 ஆம் பிரிவு. “லயக் காம்பராவ ஒப்படைச்சாத்தான் பணிக்கொடை” என்று தோட்டக் குடியிருப்பு அறையைக் காட்டிப் பேசும் பேச்சுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் ‘கொடை’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் நிபந்தனை போடுவது இயல்பு போலத் தோன்றுகிறது. கொடுக்கிறவர் ஒரு கண்டிஷன் போடக் கூடாதா என்ன? கேட்கிறவரும் கெஞ்சித்தான் கேட்கிறார். இதற்கு ‘சேவைக்கால நிலுவை’ என்று பெயர் வைத்திருந்தால் பாதிப் பேர் நிமிர்ந்து நின்று கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதே சட்டத்தில் இன்னொரு படமும் உண்டு: ‘சேவை முறிவு’. சேவையை ஒரு கொம்பாக, அல்லது கயிறாகக் கற்பனை செய்கிறோம். கொம்பு முறிந்தால் மறுபடி ஒட்டாது. இருபது வருடக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அனுமதி பெற்ற விடுமுறையால் சேவை முறியாது. ஆயினும் நிருவாகத்தின் கடிதத்தில் ‘முறிவு’ என்ற சொல் வந்துவிட்டாலே தொழிலாளி தளர்ந்துவிடுகிறார். அந்த இடைவெளிக்குக் காரணம் என்ன, அனுமதி இருந்ததா, மருத்துவச் சான்றிதழ் இருந்ததா என்று பார்க்காமல் ‘முறிந்தது’ என்று எழுதுவது முடிவை முன்கூட்டியே எழுதுவதுதான்.

இந்தக் கயிற்று உருவகம் மலையகத்தை மிகப் பெரிதாக அடித்தது கூலிக் கணக்கில் அல்ல, பிரசாவுரிமையில், அதாவது குடியுரிமையில். 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமையை மரபுவழிக் கணக்கில் வைத்தது. ‘வழி’ என்றாலே மேலிருந்து கீழே இறங்கிவரும் ஒரு கோடு. இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குத் தாள் கேட்டார்கள். லயத்தில் பிறந்தவர்களில் பலரிடம் தங்கள் பிறப்புக்கே தாள் இல்லை. அடுத்து வந்த 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ‘இடையறாத வதிவு’ கேட்டது. 1946 சனவரி 1 க்கு முன் மணமானவருக்கு 7 வருடம், மணமாகாதவருக்கு 10 வருடம். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் கயிறு அறுந்ததாகக் கொள்ளலாம். தகப்பனின் கடைசிக் காலத்துக்கு ஊருக்குப் போய், திரும்ப வழிச்செலவுக்குக் காசு சேர ஒன்றரை வருடம் ஆனவருக்கும், இங்கே வாழ மனமில்லாமல் போனவருக்கும் கயிறு ஒரே மாதிரி அறுந்தது. காலத்தை நாளாக எண்ணினால் கூட்டிக் கழிக்கலாம். கயிறாக எண்ணினால் அறுந்ததா அறவில்லையா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்.

வாக்குரிமையும் பறிபோனபோது விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. கோடாக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். 1951 இல் இங்குள்ள நீதிமன்றத்தில் தோற்று, அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1953 இல் அங்கும் தோற்றார். அன்று இலங்கையில் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. பிரிவி கவுன்சில் அதைக் கடந்துபோன விதத்தில் இரண்டு உருவகங்கள் வேலை செய்தன.

முதலாவது, சட்டத்தின் ‘சோறும் சாரமும்’. தண்டைப் பிளந்தால் நடுவில் இருக்கிற மென்மையான பாகத்துக்கு நாம் சோறு என்போமே, கற்றாழைச் சோறு, முருங்கைச் சோறு என்று, அதுதான். ஒரு சட்டத்தின் பட்டையைப் பார்க்காதே, உள்ளே இருப்பதைப் பார் என்பது கோட்பாடு. உள்ளே இருப்பது பிரசாவுரிமை பற்றிய சட்டம், எனவே செல்லும் என்றார்கள். எத்தனை லட்சம் பேருக்கு வாக்குப் போனது என்பது பட்டை. இதே உருவகத்தை இதே பிரிவி கவுன்சில் 1899 இல் கனடாவின் பிரைடன் வழக்கில் பாவித்திருந்தது. சீனர்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் விதித்திருந்தது. அங்கே கத்தி உள்ளே போனபோது கிடைத்த சோறு, அந்நியர்மேல் போட்ட தடை. அது மாகாணத்தின் அதிகாரத்துக்குள் அடங்காது, செல்லாது என்றார்கள். அது மத்திய, மாகாண அதிகாரப் பங்கீட்டு வழக்கு, இது வேறு என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் தண்டை எந்த இடத்தில் பிளப்பது என்று அந்த உருவகம் எங்கேயும் சொல்லவில்லை. கத்தியைப் பிடித்தவர் முடிவு செய்கிறார், சோறு முடிவு செய்தது போலத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

இரண்டாவது இன்னும் மோசம். இந்தியத் தமிழரின் ‘வலசைப் பழக்கம்’ அவர்கள் பிரசைகளாகத் தகுந்தவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகப் பொருத்தமானது என்று, அந்த அரசியலமைப்புக்கு அடிப்படையான சோல்பரி ஆணைக்குழு அறிக்கையைச் சுட்டி, தீர்ப்பில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் பறவைக்குச் சொல்கிற சொல் அது. பறவை தானாகப் பறக்கிறது, பருவம் பார்த்துப் போகிறது, மரத்துக்கு அதனிடம் கடன் இல்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியில் நடந்துவந்தவர்களை, கங்காணியிடம் பட்ட கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்டவர்களை, 1921 இல் ஒழிக்கப்படும் வரை துண்டு முறையில் கடன் சீட்டோடு கைமாறியவர்களை அந்தச் சொல் தானாகப் பறந்தவர்கள் ஆக்கிவிட்டது. ‘கொண்டுவரப்பட்டவர்கள்’ என்று எழுதியிருந்தால் கொண்டுவந்தது யார் என்ற கேள்வி எழுந்திருக்கும். ‘பழக்கம்’ என்று எழுதியதால் எழவில்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்தியத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் இருந்த 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாக்கினார்கள். இதற்குக் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்புதல்’. கொட்டகலையில் பிறந்து இந்தியாவைக் கண்ணால் காணாதவர் அங்கே ‘திரும்பினார்’. போனவர் என்றால் அனுப்பியவர் யார் என்று கேட்கலாம். திரும்பியவரிடம் கேட்க என்ன இருக்கிறது? 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கொடுத்தபோது, வழி, கயிறு எதையும் தேடாமல் ஒரு திகதியை வைத்தது: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிபவர், அல்லது அவரது வழித்தோன்றல். ‘வழித்தோன்றல்’ மட்டும் ஒட்டிக்கொண்டது, அதை விடுவோம்.

இதே பிரிவி கவுன்சிலிலிருந்து வந்த அழகான உருவகமும் ஒன்று உண்டு. 1929 இல், பெண்களும் ‘ஆட்கள்’தானா என்ற கனடா வழக்கில், அரசியலமைப்பு ஓர் உயிருள்ள மரம் என்றார் சாங்கி பிரபு, தன் இயற்கை எல்லைக்குள் வளர்ந்து விரியக்கூடியது. உரிமை வழக்குகளில் இதை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் மரத்தோடு நிறுத்திவிடுவார்கள், ‘இயற்கை எல்லைக்குள்’ என்பதை விட்டுவிடுவார்கள். எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லோடு எழுந்து நின்றால் வாதம் சரியும். மலையகத்தில் இதை விளங்கவைப்பது கஷ்டமில்லை. தேயிலையும் மரம்தான், கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் இடுப்பளவில் நிற்கிறது. வெட்டுகிறவரின் கத்தி எந்த மட்டத்தில் என்பதே வழக்கு.

1926 இல் நியூயோர்க் நீதியரசர் கார்டோசோ, சட்டத்தில் உருவகங்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும், சிந்தனையை அவிழ்த்துவிட வந்தவை பலசமயம் அதையே கட்டிப்போட்டு முடிகின்றன என்றார். அவர் பேசியது கம்பனிகளின் முகத்திரை பற்றிய வழக்கில், அதாவது கம்பனிப் பெயருக்குப் பின்னால் உண்மையில் இருப்பவர் யார் என்ற வழக்கில். தோட்டத்திலும் திரைக்குப் பின்னால் திரை: காணி அரசுடையது, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிக்குக் குத்தகை, அதற்கு மேலே முகாமை நிறுவனம். ஆனால் தொழில் தருநர் யார் என்று காட்ட எல்லா நேரமும் திரையைக் கிழிக்கத் தேவையில்லை. சம்பளச் சீட்டில் இருக்கும் ஊழியர் சேமலாப நிதித் தொழில் தருநர் இலக்கத்தைப் பாருங்கள். நிதி யாருடைய இலக்கத்தில் கட்டப்படுகிறது என்பது எழுத்தில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு தனிப் பிரச்சினை. மலைநாட்டு நீதிமன்றங்களில் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில். தமிழர் தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. “வவுத்துல அடிச்சிட்டாங்க” என்று ஒருவர் சொன்னால் சிங்களத்தில் தப்பிக்கும், அங்கேயும் வயிற்றில் அடிப்பது என்றால் பிழைப்பைக் கெடுப்பதுதான். மேன்முறையீட்டுக்காக அதே வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போகும்போது தாக்குதல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அடித்ததாகச் சொன்னவரிடம் காயச் சான்றிதழ் இல்லை, ஆகவே சாட்சி நம்பத்தகாதவர் என்று வாதம் போகும். “கை வைச்சிட்டான்” இதைவிடப் பொல்லாதது. அடித்தான், திருடினான், பெண்ணிடம் தவறாக நடந்தான் என்ற மூன்றுக்கும் நம் ஆட்கள் இதையே சொல்வார்கள். வெட்கம் வந்தால் மூன்றாவதற்கு இதைத் தவிர வேறு சொல்லே சொல்ல மாட்டார்கள். பொலிஸ் வாக்குமூலத்தில் ஏதோ ஒன்று எழுதப்படும், பிறகு சாட்சிக் கூண்டில் விவரமாகச் சொல்வது முரண்பாடு ஆகும். எழுதுமுன்பு “எங்கே, எப்படி” என்று கேட்டு, கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்ல வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு இது இருமடங்கு அவசியம்.

தமிழ்ப் பிரதியை வைத்து நுணுக்கமாக வாதம் கட்டுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. அண்மைக்காலச் சட்டங்களின் கடைசிப் பிரிவைத் திருப்பிப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழ்ச் சொல்லின் உருவகத்தைப் பிடித்து நான்கு பக்கம் எழுதிய பிறகு, சிங்களத்தில் அந்தப் படமே இல்லை என்று தெரிந்தால் நான்கு பக்கமும் குப்பை. முதலில் சிங்களச் சொல்லைக் கேட்டு அறிந்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாகக் காணி. காணிப் பத்திரத்தை நாம் ‘உறுதி’ என்கிறோம்: அசையாதது, உறைந்து நிற்பது. சிங்களத்தில் ‘ஒப்புவ’: எண்பிப்பதோடு உறவுள்ள சொல். ஆங்கிலத்தில் ‘டீட்’, செயல். ஒரே தாளுக்கு மூன்று படம். இவற்றில் சட்டத்துக்கு மிகக் கிட்ட நிற்பது சிங்களச் சொல்தான். அந்தத் தாள் ஒரு சான்று, காணியை உறைய வைக்கும் மந்திரம் அல்ல. ‘உறுதி’ என்ற சொல்லில் மயங்கி, 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடிக்கு மேடையில் வைத்துக் கையில் தரப்படும் எந்தத் தாளையும் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறோம். (இந்தச் சட்டம் மரச்சட்டம்தான்.) தனியாரிடம் வாங்கிய காணி என்றால் 1840 இன் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அரச காணி என்றால் சனாதிபதியின் கையொப்பத்தோடு வரும் அளிப்பாக (அரசு காணியை வழங்கும் பத்திரமாக) இருக்க வேண்டும். தலைப்பில் அளிப்பு என்று இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் என்று இருக்கிறதா, குத்தகை என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை வரும் என்று யாராவது சொன்னால், அது அரச காணிக்குச் செல்லாது. தாளில் நில அளவைப் பட இலக்கமும் துண்டு இலக்கமும் இருக்கின்றனவா, விற்கவோ ஈடு வைக்கவோ பிள்ளைக்கு எழுதவோ தடை போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து, பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போய்த் தேடுங்கள். 1927 இன் 23 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் சொல்வார்கள். அந்த இரண்டு இலக்கங்களையும் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு, பிறகு வேண்டுமானால் சுவரில் மாட்டலாம்.